இடது மூலைப் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

ஒரே வீட்டில் கீழே நானும் மாடியில் நீங்களும் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேரில் பேசினால் "சரிங்க அத்தை" என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. எதற்குச் சரி, எப்போது சரி என்று கேட்டால் அதற்கும் "சரிங்க அத்தை." உங்கள் மனைவி மூலம் சொல்லலாம் என்றால், மருத்துவமனைப் பயிற்சிக்கு வெளியூர் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரே பாட்டு: "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல. நீங்களே பேசித் தீத்துக்குங்க." அதனால் எழுதுகிறேன். பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

விடைத்தாள் திருத்தப் போன ஊரிலிருந்து நேற்று மாலை திரும்பினேன். கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டிய புத்தகக் கட்டை வைக்க இன்று காலை கார் டிக்கியைத் திறந்தேன். குளிக்கும் தொட்டியைப் பாதியாக வெட்டி ஒட்டவைத்தது போல ஒன்று, தேன் நிறத்தில், இடது மூலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓரங்களில் கண்ணாடி இழை முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடித்து இழுத்தேன். கார் ஆடியது, அது ஆடவில்லை. இப்போது மாலை ஆறு மணி, இரண்டு கைகளும் இன்னும் அரிக்கின்றன.

கார் ஷெட்டை நீங்கள் கேட்டபோது, "கொஞ்சம் ஒட்டுற வேலை, கொஞ்சம் தேய்க்கிற வேலை அத்தை" என்றீர்கள். காரில் பாட்டு அதிர்வதற்காக மாட்டும் ஊஃபருக்குக் கண்ணாடி இழையிலும் பிசினிலும் பெட்டி செய்யும் தொழிற்சாலை என்று சொல்லவில்லை. வீடு முழுக்கப் பிசின் வாடை. உலர்த்திய துணியில் உப்புத்தாள் தூள். போன மாதம் என் அரிசி டப்பாவைக் கவிழ்த்து ஏதோ பெட்டியை அளந்துவிட்டு, அந்த அரிசியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவைத்தீர்கள். சாதம் பெயிண்ட் கடை வாடை அடித்தது. அதையும் பொறுத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பொருள் என் காரிலிருந்து வெளியே வர வேண்டும். மாத முடிவுக்குள் ஷெட் காலியாக வேண்டும். காலையில் கோபப்பட்டு, ஆறிய பிறகு எழுதியது இது. அதனால் மாறாது.

அத்தை

*

ஜூன் 4, புதன்

அத்தைக்கு வணக்கம்.

முதலில் கை அரிப்பு. சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், இழை இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்தால் வந்துவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் வேண்டாம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு பல் டாக்டர் ஆர்டர் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் எனக்கு வந்த முதல் பெரிய வேலை. அவர் காரில் நன்றாக அமைந்துவிட்டால் அவர் நண்பர்கள் நாலு பேர் வருவார்கள். ஆனால் காரை ஒரு நாளைக்கு மேல் தரமாட்டேன் என்கிறார். "காலையில விட்டுட்டுப் போறேன், சாயங்காலம் பாட்டு கேட்டுக்கிட்டே வீட்டுக்குப் போகணும்" என்கிறார். ஃபைபர் பெட்டி அப்படி வராது. காரின் உடம்பிலேயே அச்சு எடுக்க வேண்டும். டிக்கித் தகரத்தில் மாஸ்கிங் டேப், அதன் மேல் சமையலறை ஃபாயில், அதன் மேல் மெழுகு. அதற்கு மேல்தான் பிசின். பிசினில் கிழித்த கண்ணாடி இழைத் துண்டுகளை வைத்து, காற்றுக் குமிழி போகும்வரை பிரஷ்ஷால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி மூன்று அடுக்கு. இறுகியபின் சட்டை கழற்றுவது போல ஃபாயிலோடு கழன்று வந்துவிடும். அதுதான் பெட்டியின் முதுகு. முன்பக்கம் பிறகு செய்வது.

உங்கள் காரும் அவர் காரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். நிறம்தான் வேறு. நீங்கள் ஊரில் இல்லை. அச்சை உங்கள் காரில் எடுத்துவிட்டு, துடைத்து வைத்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

ஃபாயில் பாதியில் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மீதி இடத்துக்கு உங்கள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த, பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் சுருளை ஒட்டினேன். அவசரத்தில், பிசினை இறுக வைக்கும் ஹார்ட்னரும் ஒரு மூடி கூடிப்போனது. அது கூடினால் பிசின் கொதிக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கி, டேப் விட்டுக்கொடுத்து, தகரத்தில் இருக்கும் துளைகள் வழியாகப் பிசின் அந்தப் பக்கம் இறங்கிக் குமிழ் குமிழாக இறுகிவிட்டது. பொத்தான் போட்டது மாதிரி, நான்கு இடத்தில்.

பின் விளக்கைக் கழற்றினால் கை உள்ளே போகும். சின்ன ரம்பத்தால் ஒவ்வொரு பொத்தானாக அறுக்க வேண்டும். தகரத்தில் கீறல் விழாமல் அறுக்க நாள் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

ஷெட்டைப் பற்றி என்ன எழுதுவது? அந்த ஷெட் இல்லையென்றால் எனக்குத் தொழில் இல்லை. கொஞ்சம் யோசியுங்கள்.

மருமகன்

*

ஜூன் 5, வியாழன்

மாப்பிள்ளைக்கு,

டேப் வேலை செய்தது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

இருபது வருடத்துக்கு மேலாக வரலாற்று விடைத்தாள்கள் திருத்துகிறேன். காரணங்களை மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டு, கேட்ட கேள்விக்குக் கடைசியில் ஒரு வரியில் பதில் சொல்லும் விடைத்தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேள்வி வெள்ளிக்கிழமையைப் பற்றியது. முடியாது என்றால் அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம்.

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்" என்கிறீர்கள். ஆமாம். அதற்காகத்தான் கேட்பது.

நேற்று இரவு உங்கள் மனைவி போன் செய்தாள்.

"அம்மா, அவர் உன்கிட்ட பயப்படுறாரும்மா."

"பயப்படுறவர் என் டிக்கியிலயா பிசின் ஊத்துவார்?"

"பயந்ததாலதான் சொல்லாம ஊத்தியிருக்கார்."

இவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பாட்டுக் கேட்கக் காரில் ஏற்கனவே நாலு ஸ்பீக்கர் இருக்கிறது. அது போதாது என்றால், நாலு பலகையை ஆணி அடித்து ஒரு மரப்பெட்டி செய்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு வேலையை முடிக்கக் கூடாதா? எதற்கு இந்தப் பிசின், இந்த இழை, இந்த அரிப்பு? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் வீட்டுக்குள் நடப்பது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஷெட் தேதியில் மாற்றம் இல்லை.

அத்தை

*

ஜூன் 7, சனி

அத்தைக்கு வணக்கம்.

முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்: ஒரு பொத்தானை அறுத்துவிட்டேன், மூன்று பாக்கி.

மரப்பெட்டி கேட்டீர்கள். மரம் நல்லதுதான், ஒரே நாளில் முடியும். ஆனால் சதுரப் பெட்டி டிக்கியில் நடுவில்தான் உட்காரும். டாக்டர் பள்ளிக்கூடங்களுக்குப் பல் முகாம் போகிறவர். டிக்கியில் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருக்கிறார், பல் பார்க்கப் படுக்க வைக்கும் நாற்காலி. அதற்கு இடம் விட வேண்டும். ஃபைபர் மட்டும்தான் யாருக்கும் பயன்படாத இடத்தில் போய் உட்காரும். சிலர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலையில் கேட்பார்கள். சிலர் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கேட்பார்கள், அதைச் செய்தால் பஞ்சர் ஆகும் அன்றைக்குத் திட்டுவார்கள். சீட்டுக்கு அடியிலும் செய்யலாம், ஆனால் சின்ன ஊஃபர்தான் பிடிக்கும்.

இது எங்கே வைப்பது என்பது. எப்படி மூச்சு விடுகிறது என்பது வேறு. முழுக்க மூடிய பெட்டி ஒன்று. உள்ளே அடைபட்ட காற்றே ஊஃபரை இழுத்துப் பிடிக்கும். சத்தம் கொஞ்சமாகத்தான் வரும், வந்தால் சுருக்கமாக, தெளிவாக வரும். ஊசி ஓட்டை இருந்தாலும் கெட்டுவிடும். அடுத்தது குழாய் வைத்த பெட்டி. உள்ளே இருக்கும் காற்று குழாய் வழியாக வந்து தானும் சேர்ந்து பாடும். அதே ஊஃபர் இன்னும் பெரிதாகக் கேட்கும். ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும், குழாயின் நீளம் கணக்காக வேண்டும். கணக்குத் தப்பினால் காற்று ஊதும் சத்தம்தான் கேட்கும். இன்னொன்றில் இரண்டு அறை. ஊஃபர் நடுச்சுவரில் மறைந்திருக்கும். நாலைந்து சுரங்களைப் பயங்கரமாகப் பாடும், மீதியைக் கண்டுகொள்ளாது.

டாக்டருக்கு இரண்டாவது வகை வேண்டுமாம். அந்த மூலையில் அதற்கு இடம் போதாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சத்தமும் வேண்டும், இடமும் தரமாட்டார், நாளும் தரமாட்டார். கடைசியில் மூடிய பெட்டிக்கு ஒத்துக்கொண்டார்.

அரிசி விஷயம். வளைந்த பெட்டிக்கு நீளமும் அகலமும் கிடையாது. உள்ளே எவ்வளவு காற்று என்று தெரிய எதையாவது கொட்டித்தான் அளக்க வேண்டும். தெர்மகோல் உருண்டை போட்டால் பிசின் காயாத இடத்தில் கரைந்துவிடும். அடுத்த வாரமே புது அரிசி வாங்கி டப்பாவில் போட்டேன். நீங்கள் கவனிக்கவில்லை.

ஷெட்டைப் பற்றி இன்னொரு முறை கேட்கிறேன். இந்த ஒரு வேலை முடியும்வரையாவது.

மருமகன்

*

ஜூன் 10, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

இப்போது எனக்குப் பெட்டிகளைப் பற்றித் தெரியும். இந்த வயதில் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று நான் வைத்திருந்த விஷயங்களில் இது இல்லை. முதல் வகையை விவரிக்கும்போது யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மூன்றாவது வகை எங்கள் துறைத்தலைவர். அதில் சந்தேகமே இல்லை.

நேற்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர், என் ஆய்வேட்டைத் திருத்தியவர். டிக்கியைத் திறந்ததும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா இது?"

"மருமகன் செய்றது சார்."

"எதுக்கு?"

"பாட்டு கேக்க."

"இதுக்குள்ள உக்காந்தா?"

இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு விடுதிவரை வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பை சரிந்து என் கியரில் விழுந்தது. இறங்கும்போது, "நல்ல குடும்பம்" என்றார். என்ன பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பின் விளக்கும் இல்லை. அது இருந்த இடத்தில் துணி அடைத்திருக்கிறீர்கள். எத்தனை பொத்தான் பாக்கி என்று இனி எழுத வேண்டாம். என் பொறுமை முடிந்துவிட்டது. இதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை

*

ஜூன் 12, வியாழன்

அத்தைக்கு,

நேற்று பிளேடு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கார் நெளிவு தட்டும் மூலைக்கடை டிங்கர்காரர் உளியோடு நிற்கிறார். பெட்டி இரண்டாகப் பிளந்து தரையில் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும், "அம்மாதான் அடிக்கச் சொன்னாங்க தம்பி. நான் ஒரு அடிதான் அடிச்சேன், அது பொளந்துக்கிச்சு" என்றார். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். ஜன்னலில் திரை ஆடியது.

மூன்று பொத்தானை அறுத்து முடித்திருந்தேன், அத்தை. ஒன்றுதான் பாக்கி. நாளை வெள்ளிக்கிழமை முழுசாகக் கழன்று வந்திருக்கும். டிக்கிக்குள் குனிந்து படுத்துக்கொண்டு, ஒரு கையை விளக்கு ஓட்டைக்குள் விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் தடவித் தடவி அறுத்தேன். உங்கள் தகரத்தில் ஒரு கீறல் விழக் கூடாது என்றுதான் அவ்வளவு மெதுவாகச் செய்தேன். இப்போது உளி பட்ட இடத்தில் தகரமே நெளிந்திருக்கிறது.

பிளந்த ஃபைபரை ஒட்டலாம். ஆனால் விரிசல் விழுந்த சுவர் சத்தத்தில் துடிக்கும். நல்ல பெட்டியைத் தட்டினால் தரையைத் தட்டுவது போல இருக்க வேண்டும். இது கதவைத் தட்டுவது போல இருக்கும். அதைக் காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கடைசிப் பொத்தானையும் எடுத்துவிட்டேன். பின் விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன், எரிகிறது. டிக்கியைத் துடைத்துவிட்டேன். தகரத்து நெளிவு டிங்கர்காரர் பொறுப்பு.

ஊரின் அந்தக் கோடியில் மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட் பார்த்திருக்கிறேன். அதன் மேல் இரண்டு அறை. சனிக்கிழமை போகிறேன். உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன், பயிற்சி முடிந்ததும் நேராக அங்கேதான் வருவாள். மாத முடிவு என்றீர்கள். அதற்கு முன்பே ஷெட்டைக் காலி செய்துவிட்டேன்.

சரிங்க அத்தை.

மருமகன்

*

ஜூன் 14, சனி

மாப்பிள்ளைக்கு,

நான் கல்லூரியில் இருந்த நேரம் பார்த்துச் சாமான்களை எடுத்துப் போய்விட்டீர்கள். நல்லது. தபாலில் எழுதுகிறேன். முகவரி உங்கள் மனைவி கொடுத்தது. அவளைத் தபால்காரி என்று நான் சொல்லவில்லை.

உளியை எடுக்கச் சொன்னது அவசரம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஒரு பொத்தான்தான் பாக்கி என்று எனக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று நானே சொன்னதால் நீங்கள் எழுதவில்லை. அதை ஒரு குற்றமாக உங்கள் பேரில் எழுத முடியுமா என்று நிறைய யோசித்தேன். முடியவில்லை.

அதற்காக, கேட்காமல் என் காரில் நீங்கள் செய்த காரியம் சரி என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனி.

மில்லுக்குப் பின்னால் வீடு எடுப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஷெட்டைக் காலி செய்யச் சொன்னேனே தவிர, மாடியைக் காலி செய்யச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் கடிதங்களின் நகல் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளிடம் நேற்று கேட்டேன்.

"அங்கேயே போறதுன்னு நீயும் முடிவு பண்ணிட்டியா?"

"அவர் எங்க வேலை செய்ய முடியுமோ அங்கதானேம்மா இருக்க முடியும்."

"இங்க மாடி சும்மா கெடக்கும்."

"அது உன் மாடிம்மா."

போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அவள் நினைத்திருப்பாள். அப்படியே இருக்கட்டும்.

மாடியில் உங்கள் முகமூடி ஒன்றும், ரப்பர் உருளை ஒன்றும், ஒரு டப்பா மெழுகும் விட்டுப் போயிருக்கிறீர்கள். மெழுகு டப்பா மூடவில்லை. மூடிவைத்தேன்.

அத்தை

*

ஜூன் 19, வியாழன்

அத்தைக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. மாடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லைதான். ஷெட் கீழே, நான் மேலே. தினம் அந்தப் பூட்டிய கதவைத் தாண்டி மாடி ஏற என்னால் முடியாது. அதனால் எழுதாததையும் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

இங்கே இன்னும் வேலை தொடங்கவில்லை. நான் குடிவந்த இரண்டாம் நாள் மில்காரர் ஹார்ட்னர் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"பிசின இறுக வைக்கிறதுங்க."

"தீப் பிடிக்குமா?"

"பாத்து வச்சா பிடிக்காதுங்க."

"என் மில்லுல முட்டியளவு மரத்தூள் கெடக்கு. நீ பாத்து வைப்ப, காத்து பாத்து வைக்குமா? சாமான் வச்சுக்கோ. இங்க கலக்கக் கூடாது."

அவர் சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். எனக்கு ஷெட் இருக்கிறது, அதில் வேலை செய்ய முடியாது. கூரை ஒழுகுகிறது வேறு. ஈரத்தில் பிசின் இறுகவும் இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும்.

டாக்டருக்கு நேற்று போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். "அச்சு எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?" என்றார். உடைந்துவிட்டது என்றேன். எப்படி உடைந்தது என்று கேட்டார், நான் சொல்லவில்லை. பழைய முகவரிதான் அவரிடம் இருக்கிறது. கோபத்தில் அங்கே வந்து கத்தினாலும் கத்துவார். வந்தால், எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

பழையபடி ஸ்பீக்கர் கடையில் வயர் இழுக்கும் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். உங்கள் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

மெழுகு டப்பாவை மூடியதற்கு நன்றி.

மருமகன்

*

ஜூன் 22, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு,

உங்கள் டாக்டர் நேற்று காலை வந்தார். வாசலில் நின்று ஹார்ன் அடித்தார். காலிங் பெல் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"உங்க மருமகன் என்னை ஏமாத்திட்டாரு மேடம்."

"எதுல?"

"ஒரே நாள்ல முடிக்கிறேன்னாரு."

"அவர் அப்படிச் சொல்லல. ஒரு நாளைக்குத்தான் கார் தருவேன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணில்ல."

நான் உங்கள் பக்கம் பேசவில்லை. அவர் நடந்ததைத் தப்பாகச் சொன்னார், திருத்தினேன். பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னேன். எதற்கு என்றார். பார்க்க வேண்டும் என்றேன். என் காருக்கு இவ்வளவு நடந்த பிறகு, எந்த மூலைக்காக நடந்தது என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு இடது மூலையைப் பார்த்தேன். என் காரில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று இந்த மாதம் எனக்கு மனப்பாடம். இது அப்படி இல்லை. மூன்று விரல் அளவுக்கு உள்ளே புடைத்திருக்கிறது, மேலே பெயிண்ட் வேறு மாதிரி.

"இங்க என்ன ஆச்சு?"

"போன வருஷம் ஒரு லாரி பின்னால இடிச்சுது. தட்டி நிமித்தினாங்க. வெளிய பாத்தா தெரியாது."

"என் மருமகன்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கல."

அதனால் உங்களுக்கு ஒரு செய்தி. பொத்தான் போடாமல், உளி படாமல், நீங்கள் விரும்பியபடியே சட்டை மாதிரிக் கழன்று வந்திருந்தாலும், அந்த அச்சு இந்தக் காரில் உட்கார்ந்திருக்காது. நீங்கள் அறுத்ததும் வீண். நான் உடைத்ததும் வீண். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று எழுதினீர்கள். இவர் கார் ஒரு வருடமாக வேறு கார். அதை யாருமே திறந்து பார்க்கவில்லை.

இதைச் சொன்னதும் டாக்டர், "அப்ப உங்க மருமகனுக்கு வேலை தெரியல" என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"பல்லுக்கு உறை போடணும்னா எத்தனை தடவை வரச் சொல்வீங்க?"

"மூணு, நாலு தடவை."

"மொதல்ல என்ன செய்வீங்க?"

"வாயில அச்சு எடுப்போம்."

"யார் வாயில?"

"என்ன மேடம் கேள்வி இது. அவங்க வாயிலதான்."

"ஏன், பக்கத்து வீட்டுக்காரர் வாயில எடுத்தா? அவருக்கும் அதே வயசு, அதே எண்ணிக்கைப் பல்லு."

தன் டிக்கியை மூடினார். பிறகு, "சரி, எத்தனை நாள் வேணும்?" என்றார். எனக்குத் தெரியாது. ஒரு வாரம் என்று சொல்லிவிட்டேன். போதாதென்றால் நீங்கள்தான் அவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். மூடிய பெட்டிதான், குழாய் வைத்தது அந்த மூலைக்குச் சரிப்படாது என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் வேறு ஏதோ கேட்க ஆரம்பித்தார், "இடம் இல்லை" என்றேன்.

அடுத்த பிரச்சினை, ஒரு வாரம் அவர் எதில் போவது. செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமாம். என் காரின் சாவியைக் கொடுத்தேன். டிக்கி காலியாகத்தான் இருக்கிறது, நாற்காலி தாராளமாகப் போகிறது. தகரத்து நெளிவைப் பார்த்து, "இது என்ன ஆச்சு?" என்று கேட்டார். லாரி இடித்தது என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்கு நான் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸில் போய் ஒன்றும் ஆகிவிடாது, கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் உங்களுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. வாடை பொறுக்க முடியாதுதான். ஷெட்டின் தெருப்பக்கக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். தேய்க்கும் வேலையைத் துணி உலர்த்தாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாள் என்று முதல் நாளே சொல்கிறேன். வயர் இழுக்கும் வேலையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று நினைக்கிறேன்.

ஷெட்டைக் காலி செய்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அது இப்போது காலியாக இல்லை. டாக்டர் கார் உள்ளே நிற்கிறது. அதன் சாவி என் மேசை மேல் இருக்கிறது, வந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மில்லுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மாடியைப் பெருக்கச் சொல்லியிருக்கிறேன். தூசு படிந்திருந்தது, அதனால்தான்.

அத்தை